பதினெட்டா, இருபதா?

கடற்கரை மணலில் ஜீப்பை இறக்கி ஓட்டுவது என்று மனப்பூர்வமாகத் தீர்மானித்துவிட்ட நான்கு கிழவர்கள், அத்தீர்மானத்தை நிறைவேற்றுவதற்கு உகந்த மாதம் வருஷத்தில் ஒன்றுகூட இல்லை என்ற மகத்தான உண்மையை நேற்று மாலை கைலாசபுரத்தில் கண்டறிந்தார்கள். அந்த நால்வரில் அடியேனும் ஒருவனாகையால், இரவெல்லாம் உறக்கம் பிடிக்காமல் புரண்டுவிட்டு, கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழையும் புயலும், மார்கழியில் வைகுண்ட ஏகாதசி உற்சவம் முடியும்வரை எங்கள் ஸ்ரீரங்கத்து அத்திம்பேர் காவிரிப் பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வரமாட்டார், தை பிறந்தால் பங்குனி கழியும்வரை பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும் காலம், அந்தக் குழிகளின்மேல் சக்கரத்தை ஏற்றுகிறவனுக்கு எந்தப் பிராயச்சித்தமும் கிடையாது, சித்திரை, வைகாசியில் கத்திரி வெயில், ஆனி, ஆடியில் சோழகக் காற்று மணலை வாரிக் கண்ணில் இறைக்கும், ஆவணியில் கல்யாணங்கள், புரட்டாசியில் சனிக்கிழமைகள். ஆகவே பிரயாணம் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்பதுதான் எனக்கு ஆத்திரம். கையைத் தூக்கியவர்களில் நானும் இருந்தேன்.

ஆலோசனை செய்வதற்கு இந்த ஊரைப்போல் வசதியான ஊர் வேறு கிடையாது. 1965-இல் செக்கோஸ்லோவாகியாவின் ஒத்தாசையுடன் இயங்கத் தொடங்கிய பெல் கொதிகலன் ஆலைக்காக எழுந்த டவுன்ஷிப் இது. அகலமான சாலை, நிழலுக்கு மரம், உட்காருவதற்குச் சிமெண்டுப் பலகை. ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து அக்கம்பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு போனவர்களும், மாலையானால் பழைய பாசத்தில் இங்கேயே நடக்க வந்துவிடுகிறார்கள். எங்கள் குழுவில் ஒருவர் வெல்டிங் பிரிவில் ஆயுளைக் கழித்தவர். மற்றொருவர் கொதிகலனின் டிரம்மை வரைந்தே தலை நரைத்தவர், அந்த ‘தார்’ ஜீப்பும் அவருடையதுதான். அத்திம்பேர் தபால் இலாகா. நான் கணக்குப் பிரிவு. அந்த வண்டிக்குப் பாலைவனத்தின் பெயரை வைத்தவர்கள் அதன் உள்ளே ஒரு பொடி மணல்கூட விழக்கூடாது என்று விதிக்கவில்லை. அதை விதித்தவர் எங்கள் நண்பர். கியருக்குப் பக்கத்தில் நாலு சக்கரத்துக்கும் விசை கொடுக்கும் சிறிய நெம்புகோல் ஒன்று இருக்கிறது. அதை அவர் துடைப்பதற்காகத் தொட்டதுண்டு, இழுத்ததாகச் சரித்திரம் இல்லை.

எந்தக் கடற்கரை என்பதிலேயே அநேக மாலைகள் கழிந்தன. வேளாங்கண்ணியில் மணலில் இறங்கிக் கரையோரமாகவே கோடிக்கரை வரைக்கும் போய்விடலாம் என்பது முதல் யோசனை. தேசப்படத்தில் நேர்கோடாகத் தெரிகிற அந்தக் கரையில் ஆறுகளின் முகத்துவாரங்கள் குறுக்கே கிடக்கின்றன, கோடியில் இருப்பதோ 1967 முதல் வெளிமான்களுக்கென்று விடப்பட்ட சரணாலயம். இரண்டாவது, பட்டுக்கோட்டைக்கு அப்பால் மனோரா. நெப்போலியன் தோற்ற சந்தோஷத்துக்குத் தஞ்சாவூர் சரபோஜி மன்னர் கட்டிய கோபுரம் அது. ஆனால் அங்கே கடல் அலையில்லாத பரம சாது, கரையில் மணலைவிடச் சேறு அதிகம். பிறத்தியான் தோல்விக்காக எழுப்பிய ஞாபகச் சின்னத்தின் அடியில் நாம் அச்சுவரை புதைந்து நிற்பது கௌரவமாயிராது என்று கைவிடப்பட்டது. மூன்றாவது, கேரளத்தில் கண்ணூருக்கு அருகே முழப்பிலங்காடு. ஏறக்குறைய 4 கிலோமீட்டர் தூரத்துக்கு மணல் கெட்டியாக இறுகிக் கிடக்க, சாதாரணக் காரும் ஸ்கூட்டரும் சௌக்கியமாக ஓடுகிற கடற்கரை. அங்கே ஃபோர் வீல் டிரைவுக்கு அவசியமே இல்லை என்ற ஒரே காரணத்தால், எவ்விதச் சிரமமுமின்றிப் போய்வரக்கூடிய அந்த ஒரே இடம் அவமானகரமானது என்று ஒதுக்கப்பட்டது. மிஞ்சியது தனுஷ்கோடி.

இந்த நிலையில் வெல்டிங் நண்பரின் பிள்ளை பிரிஸ்பேனிலிருந்து புத்திமதி அனுப்பலானான். அவன் போய்வரும் கேகரித் தீவில் 75 மைல் கடற்கரை என்று ஒன்று உண்டு. அது சட்டப்படியே ஒரு நெடுஞ்சாலை, மணிக்கு 80 கிலோமீட்டர் வேக வரம்பு, சிறு விமானங்களும் அதன்மேல் இறங்கும், கடல் ஏற்றத்தின் உச்சத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டலாகாது. இதைக் கேட்டதும் அத்திம்பேர் பாம்புப் பஞ்சாங்கத்தை வரவழைத்து, அமாவாசை, அஷ்டமி, பௌர்ணமி என்று திதிவாரியாகக் கடல் ஏறி இறங்கும் நேரங்களைக் கணித்து ஒரு நோட்டுப் புத்தகத்தை நிரப்பினார். ராமேசுவரத்துக் கரையில் கடல் ஏறுவதும் இறங்குவதும் ஒரு மீட்டருக்கும் உட்பட்டது என்பதை அவரிடம் சொல்லும் தைரியம் இன்னும் யாருக்கும் வரவில்லை.

நிற்க. மணலில் வண்டி ஓட்டும் முறையைப் பற்றி உபயோகமாக நாலு வார்த்தை சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். முதல் விதி, டயரில் காற்றைக் குறைப்பது. தார் ரோட்டில் 32, 35 பி.எஸ்.ஐ. வைத்து ஓடுகிற டயரை 18 அளவுக்கு இறக்கினால், அது தரையில் பரந்து படிந்து, பாரம் அதிக இடத்தில் பரவி, சக்கரம் புதையாமல் போகும். இவ்வளவுதான் சமாசாரம். இதை உலகத்தில் வேறு யாரிடம் சொன்னாலும் சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். ஆயுள் முழுவதும் அழுத்தத்தோடு குடித்தனம் செய்தவர்களிடம் மட்டும் சொல்லலாகாது.

வெல்டிங் நண்பர் 18 என்றார். டிரம் நண்பர் 20-க்குக் கீழே இறங்கச் சம்மதிக்கவில்லை. பி.எஸ்.ஐ. என்ற வெள்ளைக்காரன் அளவையில் பேசுவதால்தான் பிணக்கு என்று கருதி, சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று மாற்றிப் பார்த்தோம்; 18 என்பது 1.27 ஆயிற்று, 20 என்பது 1.41 ஆயிற்று, பிணக்கு மட்டும் அப்படியே இருந்தது. 150 கிலோவுக்கு மேற்பட்ட அழுத்தத்தைத் தாங்கும் டிரம்களைச் சலனமில்லாமல் தட்டிக்கொடுத்து அனுப்பியவர்கள், 0.14 கிலோவுக்காக ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் எதிரெதிர்த் திசையில் நடைப்பயிற்சி செய்தார்கள். பிறகு, அந்த 18-ஐ அளக்க வேண்டியது குளிர்ந்த டயரிலா, ஓடிச் சூடேறிய டயரிலா என்ற வினா எழுந்தது. அதன் பிறகு, ஒரே டயரில் மூன்று கேஜ்கள் மூன்று விதமாகக் காட்டியமையால், எந்தக் கேஜை நம்பி மற்ற இரண்டையும் திருத்துவது என்ற வினா. அதற்கும் பிறகு, கொதிகலனுக்கு விதித்தபடி ஒன்றரை மடங்கு அழுத்தம் ஏற்றி அரை மணி நேரம் நிறுத்தி டயரைச் சோதித்த பின்பே காற்றை இறக்க வேண்டும் என்று ஒருவர் வாதிக்க, இறக்கப்போகிற காற்றை ஏன் ஐயா ஏற்ற வேண்டும் என்று கணக்குப் பிரிவிலிருந்து நான் கேட்க, "உங்களுக்கு இதெல்லாம் தெரியாது சார்" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்களைச் சேர்த்துவைத்த புண்ணியம் எனக்கு.

சமாதானத்தின் விளைவாக ஒரு வால்வு பிறந்தது. குறிப்பிட்ட அழுத்தம் வந்ததும் காற்று வெளியேறுவதைத் தானே நிறுத்திக்கொள்ளும் அந்தப் பித்தளை வால்வுகள் நான்கையும் வெல்டிங் நண்பர் தெரிந்த லேத் பட்டறையில் நின்று கடைந்து வாங்கி, விரல் வழுக்காமலிருக்கக் கழுத்தில் வரி போட்டு, உச்சியில் 18 என்று குத்தி, எவர்சில்வர் டிபன் டப்பாவில் பழைய வேட்டித் துணி விரித்துக் கொண்டுவந்தார். டிரம் நண்பர் இல்லாத வேளை பார்த்து அவர் வீட்டுப் போர்ட்டிகோவில் பரீட்சை நடந்தது. வால்வுகள் பிரமாதமாக வேலை செய்தன. நிறுத்திக்கொள்வதை மட்டும் மறந்துவிட்டன. மறுநாள் காலை நான்கு டயரும் தரையோடு தரையாகக் கிடக்க, திருவெறும்பூரிலிருந்து பஞ்சர் கடைப் பையன் மிஷினோடு வந்தான்.

"நாலும் பஞ்சரா சார்?"

"இல்லப்பா. நாங்கதான் எறக்கினோம்."

"எதுக்கு சார்?"

"மணல்ல போறதுக்கு."

அவன் போர்ட்டிகோவின் மொசைக் தரையை ஒரு தரம் பார்த்தான். எங்களை ஒரு தரம் பார்த்தான். காற்றடித்துவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டான். ஆலையின் சைக்கிள் ஸ்டாண்டில் பிறத்தியார் வண்டியில் காற்றைப் பிடுங்கிவிடுகிறவனை ஒரு காலத்தில் விரட்டிப் பிடித்துக் கண்டித்தவர்கள் நாங்கள். ஆயினும் 18-ஆ, 20-ஆ என்பது இன்றுவரை முடிவாகவில்லை. இறக்கிய காற்றைத் திரும்ப ஏற்றுவதற்குக் கம்பிரசர் வாங்குவது என்ற விஷயம் இன்னும் எடுத்துக்கொள்ளப்படவே இல்லை. அது எடுத்துக்கொள்ளப்படும் நாளை எண்ணி இப்போதே எனக்கு மயக்கம் வருகிறது.

ஒத்திகைக்குக் கொள்ளிடம் இருக்கவே இருக்கிறதே, வெயில் காலத்தில் வேண்டிய மட்டும் மணல் என்றார் அத்திம்பேர். உண்மைதான். விடியற்காலையில், ஆள் நடமாட்டமில்லாத ஆற்றுப் படுகையில், ஒரு ஜீப், நான்கு பேர், கையில் மண்வெட்டி, சாக்கு. மணல் கொள்ளையைப் பிடிக்கக் காத்திருக்கும் போலீஸ்காரருக்கு இதைவிடப் பரிபூரணமான சாட்சியம் வேண்டியதில்லை. புதைந்த சக்கரத்தைத் தோண்டி எடுக்கவே மண்வெட்டி என்று விளக்கினால் அதை நம்பக்கூடிய இன்ஸ்பெக்டர் திருச்சி ஜில்லாவிலேயே இல்லை. "இந்த வயசுல ஜாமீனுக்கு நான் எங்கே அலையறது?" என்று என் மனைவி கேட்ட பின் அந்த யோசனையும் அஸ்தமித்தது.

இத்தனைக்கும், நாங்கள் சாஸ்திரமாக்கி வைத்திருக்கும் இக்காரியம் தனுஷ்கோடியில் நித்தியப் பிழைப்பாக நடந்து வந்த ஒன்று. முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிட, அதற்கப்பால் ஈர மணலிலும் முழங்கால் தண்ணீரிலும் வேன்காரர்களும் ஜீப்காரர்களும் கொள்ளாத கூட்டத்தை ஏற்றிக்கொண்டு, இடிந்த சர்ச்சையும் ஸ்டேஷனையும் காட்டிவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்கள். நான் ஏறிய வேனை ஓட்டியவர் டயரைக் காலால் ஓர் உதை உதைத்துப் பார்த்தார், அதுதான் கேஜ். 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை சுமார் 9.5 கிலோமீட்டருக்குத் தார்ச்சாலை திறக்கப்பட்டதும் அந்தப் பிழைப்பு போயிற்று. அதற்கும் முந்தைய தலைமுறைக்கு வேனும் வேண்டியிருக்கவில்லை. போட் மெயிலில் ஏறிப் படுத்தால், 1964 டிசம்பர் புயல் ரயில் பாதையையும் ஊரையும் சேர்த்து வாரிக்கொண்டு போகும்வரை, தனுஷ்கோடியிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள்.

சாலை போட்ட இடத்தில் சாலையைவிட்டு மணலில் இறங்கியே தீருவேன் என்று அடம் பிடிப்பதற்கு எந்தப் பெரிய பெயர் கொடுத்தாலும் எனக்குப் பிடிக்கவில்லை. வலை உலர்த்துகிற மணல் அது. 2025-இல் பூநாரைகளுக்கென்று சரணாலயமாகவும் அறிவித்திருக்கிறார்கள். வெகுதூரம் பறந்து வந்து ஒற்றைக் காலில் நிற்கும் பட்சியின் முன்னால் டீசல் புகையைக் கக்கி, டயர் தடத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுக்கொள்வது விநோதமும் அல்ல, வீரமும் அல்ல. இதைச் சபையில் சொன்னேன். முதலில் காற்று விஷயம் முடியட்டும் சார், பட்சி விஷயத்தை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

ராமேசுவரம் பேருந்து நிலையத்திலிருந்து அரிச்சல்முனைக்கு அரசுப் பேருந்து போகிறது. வாசகர்களில் எவரேனும் மாலை வேளையில் கைலாசபுரம் பக்கம் வர நேர்ந்து, மரத்தடியில் டிபன் டப்பாவோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்டால், தயவுசெய்து 18 என்றும் சொல்லாதீர்கள், 20 என்றும் சொல்லாதீர்கள். எனக்குக் கார் ஓட்டவே தெரியாது என்று சொல்லிவிட்டு வேகமாக நடையைக் கட்டுங்கள்.