65,536 பேரை முழுங்கின டிரான்ஸ்போஸ்

ஏலே பேராண்டி, ராத்திரி பூரா கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து “அர்ரே பத்தல, அர்ரே பத்தல”ன்னு புலம்புனியாமே? உங்க ஆச்சி, புள்ளைக்குச் சோறுதான் பத்தலையாக்கும்னு உலையில அரிசியைக் கூட்டிப் போட்டுட்டா.

கிட்ட வா, அந்த எக்செல் மேக்ரோவைக் காட்டு. என்னலே இது, வரி எண்ணுத ‘ஐ’யை இன்டீஜர்னு போட்டிருக்கே? அது 32,767 வரைக்கும்தான் எண்ணும். அதைத் தாண்டினா ‘ஓவர்ஃப்ளோ’ன்னு கூப்பாடு போடும். லாங்னு மாத்து, 214 கோடி வரைக்கும் தாங்கும். உங்க கம்பெனியில அம்புட்டுச் சரக்கு வித்தா நானும் ரெண்டு பங்கு வாங்கிப் போடுதேன்.

கூப்பாடு போடுததுக்கெல்லாம் பயப்படாதே. சத்தமில்லாம முழுங்குதானே டிரான்ஸ்போஸ், அவன் மேல கண்ணு வையி. ஒத்தை வரிசை அர்ரேயை ஷீட்டுல மேலிருந்து கீழா இறக்கணும்னா எல்லாரும் அவன் வாசல்லதான் போய் நிப்பாங்க. லட்சம் பேரைக் குடுத்துப் பாரு. பல பதிப்புல 34,464 பேர்தான் திரும்பி வருவாங்க. மிச்சம் 65,536 பேரும் காலி. எர்ரர் கிடையாது, எச்சரிக்கை கிடையாது. கல்யாண வீட்டுல கடைசிப் பந்தித் தலையை மட்டும் எண்ணிட்டு, ‘வந்தது இம்புட்டுப் பேருதான் முதலாளி’ன்னு கணக்குச் சொல்லுத சமையக்காரன் மாதிரி. எக்செல் 2003 வரைக்கும் ஷீட்டுக்கு மொத்தமே 65,536 வரிதான். 2007-ல அது 10,48,576 ஆச்சு. ஷீட்டு வளந்துச்சு, டிரான்ஸ்போஸ் வளரல.

மாத்து வழி என்னன்னு கேக்கியா? அவனைக் கூப்பிடாதே, அம்புட்டுதான். முதல்லயே அர்ரேயை ரெண்டு பரிமாணமா, ‘1 டு என், 1 டு 1’ன்னு கட்டு. லூப்புல நிரப்பு. ரேஞ்சை அதே அளவுக்கு ரீசைஸ் பண்ணி, வேல்யூவுல ஒரே போடாப் போடு. மளமளன்னு இறங்கிரும். செல் செல்லா எழுதினா நடுவுல டீக்கடைக்குப் போயி, பேப்பரையும் படிச்சிட்டு வரலாம். ஓஹோ, அதுக்காகத்தான் அப்படி எழுதியிருக்கியோ?

இந்த ரீடிம் பிரிசர்வை வேற லூப்புக்குள்ள வச்சு ஒண்ணொண்ணா நீட்டுதே. நீட்டுத ஒவ்வொரு தடவையும் அது புது இடம் பிடிச்சு, பழசை நகல் எடுத்துக்கிட்டுத் திரியணும். அதுவும் கடைசிப் பரிமாணத்தை மட்டும்தான் நீட்ட விடும். முதல் பரிமாணத்துல கை வச்சா ‘சப்ஸ்கிரிப்ட் அவுட் ஆஃப் ரேஞ்ச்’னு விரட்டும். முதல்ல கவுன்ட்இஃப் வச்சு எத்தனைன்னு எண்ணு, அப்புறம் ஒரே தடவையா ரீடிம் போடு. எண்ண வழியில்லையா, நிறையும்போதெல்லாம் ரெண்டு மடங்கா நீட்டு.

ஷீட்டு மொத்தத்தையும் ஒரே வாயில அர்ரேக்குள்ள இழுக்கப் பாத்திருக்கே பாரு, உன் பேராசையை மெச்சுதேன்! 1,700 கோடிக் கட்டத்துக்கு மேல இருக்குலே அதுல. கட்டம் காலியா இருந்தாலும் ஒரு வேரியன்ட்டுக்கு 32 பிட்டுல 16 பைட், 64 பிட்டுல 24 பைட் போயிரும். பத்து லட்சம் வரி, அம்பது பத்தின்னாலே 80 கோடி பைட் ஆச்சு. பழைய 32 பிட் எக்செல்லுக்கு மொத்த இடமே 2 ஜிபி. அம்பதாயிரம் அம்பதாயிரம் வரியா எடு, வேலையை முடிச்சு எழுது, அடுத்ததை எடு.

சிரிக்காதே. 2020-ல பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்துக்காரங்க கொரோனா லேப் முடிவையெல்லாம் அதே 65,536 வரியோட நிக்குத பழைய எக்ஸ்எல்எஸ் கோப்புல இறக்கினாங்க. ஒரு ஆளுக்கே பல வரி. அதனால ஒரு கோப்புக்கு 1,400 பேருக்குக் கிட்டத்தான் கொண்டுச்சு, மிச்சம் விட்டுப்போச்சு. செப்டம்பர் 25-லேருந்து அக்டோபர் 2 வரைக்கும் 15,841 பேர் கணக்குல வரல. அவங்களோட பழகினவங்களைத் தேடுத வேலையும் தாமதமாச்சு. ஆக்ஸ்ஃபோர்டையும் கேம்பிரிட்ஜையும் பக்கத்துல வச்சிக்கிட்டிருக்கவங்களுக்கே அந்தக் கதின்னா, நீ எம்மாத்திரம்?

எழுதி முடிச்சதும் மூலத்துல எத்தனை வரி, ஷீட்டுல இறங்கினது எத்தனை வரின்னு ரெண்டையும் ஒத்துப் பாத்துட்டு மேனேஜருக்கு அனுப்பு. ஒத்து வரலைன்னா எனக்குப் போன் போடு. ஒம்பது மணிக்குள்ள போடு, அதுக்கு மேல சீரியல் ஓடும், எடுக்க மாட்டேன்.