நாலறிவும் ஆறறிவும்

மனிதனுக்கு அச்சம் நான்கு வழியாக வரும் என்று தொல்காப்பியர் கணக்கெழுதி வைத்திருக்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேய், புலி, திருடன், அரசன் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் மூன்றுக்கும் எங்கள் தெருவில் இப்போது அவ்வளவு மவுசு இல்லை. நாலாவது மட்டும் திங்கட்கிழமை காலையில் "கொஞ்சம் என் ரூமுக்கு வந்துட்டுப் போங்க" என்று கூப்பிடுகிறது. ஆனால் என் பிரச்சினை இந்தப் பட்டியலில் எதிலும் அடங்கவில்லை. பறக்கும் கரப்பான்பூச்சியை எதில் சேர்ப்பது?

தொல்காப்பியத்தின் மரபியல் பகுதியில் ஒரு துப்பு கிடைக்கிறது. உயிர்களை அறிவின் எண்ணிக்கைப்படி பிரிக்கிற இடத்தில் தும்பிக்கு நாலறிவு என்கிறார். கரப்பானையும் அதே பெஞ்சில் உட்காரவைத்தால், எங்கள் வீட்டில் இரவு நடப்பது இதுதான்: சிங்க்குக்கு அடியிலிருந்து நாலறிவு ஒன்று கிளம்பி வருகிறது, ஆறறிவு ஒன்று சோபா மேல் ஏறி நிற்கிறது. தரையில் ஓடும்வரை நானும் வீரன்தான். இறக்கையை விரித்துவிட்டால் கதை வேறு. அச்சத்தைப் பெண்களின் நாற்குணத்தில் சேர்த்தவர்கள், என் மனைவி துடைப்பத்தோடு வருவதைப் பார்த்திருக்க நியாயமில்லை.

"கடிக்குமா, கொட்டுமா? அதுக்குப் போய் இப்படிக் கத்துறீங்களே" என்பாள். அது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன ஆகப்போகிறது? சார்லஸ் டார்வினுக்குத் தெரியாததா? லண்டன் மிருகக்காட்சிசாலையில், விரியன் பாம்பு இருந்த கூண்டின் தடித்த கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, பாம்பு பாய்ந்தாலும் அசைவதில்லை என்று உறுதியாக நின்றாராம். பாம்பு பாய்ந்தது. டார்வின் ஓரிரு கஜம் பின்னால் குதித்திருந்தார். இதை 1872-இல் தன் புத்தகத்திலேயே எழுதிவைத்தார். பெரிய மனிதர்; நானாக இருந்தால் பாம்பு பின்வாங்கியதாக எழுதியிருப்பேன்.

மூளைக்குள் இரண்டு பக்கமும் பாதாம்பருப்பு அளவில் அமிக்டலா என்று ஒன்று இருக்கிறது. ஆபத்து மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால், யோசிக்கிற பகுதி விசாரணையைத் தொடங்கும் முன்பே இது உத்தரவு போட்டுவிடும். அட்ரினலின் பாயும். நெஞ்சு அடித்துக்கொள்ளும். நாக்கு வறளும். செரிமானத்துக்குப் போகிற ரத்தம் காலுக்குத் திருப்பிவிடப்படும். வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று நம் பாட்டிமார் சொன்னது இந்த இலாகா மாற்றத்தைத்தான். எல்லாம் நல்ல எண்ணத்தில் செய்யப்படுவதுதான். புதரில் அசைவது புலியா காற்றா என்று நின்று யோசித்தவர்களுக்கு வாரிசு இல்லை. எகிறிக் குதித்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

இதில் கரப்பான் நம்மைவிடக் கெட்டிக்காரப் பயந்தாங்கொள்ளி. அதன் பின்பக்கம் சின்னதாக இரண்டு கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் நுண்ணிய மயிர்கள். செருப்பு இறங்கும்போது முன்னே தள்ளிக்கொண்டு வருகிற காற்று அந்த மயிரில் பட்டதுமே கால்கள் திரும்பிவிடும். நாம் அடிப்பது எப்போதும் வெறுந்தரையைத்தான்.

சரி, மருந்து? 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு வழி எழுதினார். முயலைக் கண்டு அலறுகிற, மூன்று வயது நிரம்பாத பீட்டர் என்ற பையன். அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து, அவன் தின்னும்போது முயலைத் தூரத்தில் வைத்து, நாளாக ஆக நெருக்கிக்கொண்டே வந்தார்கள். கடைசியில் பையன் முயலைத் தடவிக்கொடுத்தான். இன்றும் மனநல நிபுணர்கள் பயத்துக்குச் செய்வது பெரும்பாலும் இதன் வாரிசுதான். தைரியம் சொல்வதால் பயம் போகாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் போகவேண்டும்.

மனைவி ஒரு கரப்பானைப் பிடித்துக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, மூடியில் ஓட்டை குத்தினாள். என் கையில் ஒரு தட்டு மிக்சர். பாட்டில் முதலில் வாசல் திண்ணையில் இருந்தது, பிறகு டிவி பக்கத்துக்கு வந்தது, பிறகு சாப்பாட்டு மேஜைக்கே ஏறியது. பலன் தெரிந்தது. பாட்டிலுக்குள் இருக்கும் கரப்பானிடம் எனக்கு இப்போது துளியும் பயமில்லை.

கவனக்குறைவாகச் செய்தால் பயம் தின்பண்டத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் என்று ஜோன்ஸ் அம்மையார் அப்போதே எச்சரித்திருந்தார். போன வாரம் மாமனார் வழி உறவினர் வீட்டில், வந்ததும் வராததுமாக ஒரு தட்டு மிக்சரை முன்னால் வைத்தார்கள். என் கண் தானாகச் சுவரின் மூலை, டியூப்லைட் பின்பக்கம், காலண்டர் இடுக்கு என்று போய்வந்தது. கால் இரண்டும் சோபாவில் ஏறிவிட்டன.

"என்ன மாப்பிள்ளை தேடுறீங்க?" என்றார் பெரியவர்.

"வீடு நல்லா வச்சிருக்கீங்கன்னு பாக்குறார் மாமா" என்று சொல்லி, மனைவி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.