மிச்ச மார்க் மாமா

உங்கள் பிள்ளை எத்தனை மார்க் வாங்கியது என்பதில் இவருக்கு அக்கறை கிடையாது. எத்தனை வாங்காமல் விட்டது என்பதில்தான் கண். "பாப்பா, கணக்குல எவ்ளோ?" என்பார். "தொண்ணூத்தி நாலு மாமா" என்று பாப்பா வாயெல்லாம் பல்லாகச் சொல்லும். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மிச்சம் ஆறு எங்க போச்சு?" என்பார். கேசரிக் கிண்ணத்தோடு சமையலறையிலிருந்து வந்த அம்மா அப்படியே நின்றுவிடுவாள். வீட்டில் ஆறு மார்க் காணாமல் போயிருக்கிறது என்பது அந்த நிமிஷம் வரை யாருக்கும் தெரியாது.

எல்லா ஊரிலும் இருக்கிறார் இந்த மாமா. நான் சொல்வது செங்கல்பட்டு மாமாவை. முப்பது வருஷம் பீச் லோக்கலில் ஆபீஸ் போய் வந்து ரிட்டயர் ஆனவர். காலையில் கொளவாய் ஏரிப் பக்கம் ஒரு நடை, திரும்புகிற வழியில் ஒரு காபி. வருஷத்தில் பத்து மாதம் சாதுவான மனிதர்தான். மே மாதம் பொதுத்தேர்வு முடிவு வந்துவிட்டால் சட்டைப் பையில் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை மடித்து வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பத்திரிகையின் வெள்ளைப் பக்கத்தில்தான் மிச்ச மார்க் விசாரணை நடக்கும்.

முதலில் 100 என்று எழுதுவார். அதன்கீழே வாங்கிய மார்க். ஒரு கோடு. கழித்து வந்ததை இரண்டு முறை வட்டமிடுவார். பிறகு, "கொஸ்டின் பேப்பர் இருக்கா?" தேர்வு முடிந்த அன்றே கிழித்துப் போட்டிருக்க வேண்டும். அப்பாக்கள்தான் பத்திரப்படுத்தி வைத்திருப்பார்கள்.

"ஒரு மார்க் பதினாலு. எத்தனை ரைட்டு?"

"ஞாபகம் இல்ல மாமா."

"சரி, செய்முறை வடிவியல். தொடுகோடு வரஞ்சியா, ஒத்த முக்கோணமா?"

"தொடுகோடு."

"உதவிப்படம் போட்டியா?"

மௌனம்.

"அங்க ஒண்ணு போச்சு. வரைபடத்துல அளவுத்திட்டம் எழுதினியா?"

மௌனம்.

"இங்க ஒண்ணு. ரெண்டு கெடச்சாச்சு. இன்னும் நாலு."

மாமாவுக்கு இப்போது முகம் மலர்ந்திருக்கும். குழந்தை அழுகிற நிலையில் இருக்கும். ஆறையும் கண்டுபிடித்துவிட்டார் என்றால் எழுந்துபோவார் என்று நினைக்காதீர்கள். "அப்ப உனக்குத் தெரியாம ஒண்ணும் போகல. தெரிஞ்சேதான் விட்டிருக்க" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

பிளஸ் டூ வீடுகளில் விசாரணைக்குச் செலவும் உண்டு. விடைத்தாள் நகலுக்கு 275 ரூபாய், மறுமதிப்பீட்டுக்கு 505 ரூபாய் என்று அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் கட்டண விவரம் அவருக்கு மனப்பாடம். பொறியியல் கட்-ஆஃபில் கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்பதையும் விடமாட்டார். "பிசிக்ஸ்ல ஒண்ணு போனா அரைதான் போச்சு. கணக்குல ஒண்ணு போனா ஒண்ணே போச்சு" என்பார், யாரோ போய்ச் சேர்ந்த குரலில். முன்பு பாஸானவர்களும் மார்க்கைக் கூட்டிக்கொள்ள மறுபடி எழுத 'இம்ப்ரூவ்மென்ட்' என்று ஒன்று இருந்தது. மாநிலப் பாடத்திட்டத்தில் அது நின்று வெகுகாலமாகிவிட்டது. இன்று துணைத் தேர்வு, தவறியவர்களுக்கும் தேர்வுக்கு வராதவர்களுக்கும் மட்டும். மாமா இன்னும் அந்தத் துக்கத்திலிருந்து மீளவில்லை.

கல்யாண மண்டபத்தில் இவர் பக்கத்தில் உட்காரக்கூடாது. மேடையில் மாப்பிள்ளை மாலையோடு நிற்கும்போது, "இவன் பிளஸ் டூல கணக்கு 200க்கு 181. மிச்சம் பத்தொம்பது. அன்னிக்கே சொன்னேன் நகல் வாங்குன்னு" என்பார். மணப்பெண்ணின் சித்தப்பா முன்வரிசையில்தான் இருப்பார்.

2022இல் மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது மாவட்டமே குதிரைத் தலைச் சின்னத்துக்கு வேட்டி கட்டிவிட்டுக் கொண்டாடியது. பதினாறு வயது குகேஷ் தொடர்ந்து எட்டு ஆட்டம் ஜெயித்து, 11க்கு 9 புள்ளியோடு முதல் பலகையில் தங்கம் வாங்கினார். தெருவே கைதட்டியது. மாமா மட்டும், "மிச்சம் ரெண்டு எங்க போச்சு?" என்றார். 2024 டிசம்பரில் அதே பையன் உலக சாம்பியன் ஆனபோதுகூட அவர் அந்த இரண்டை மறக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் மைத்துனர் மகள் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு. 2026 முதல் அந்த வாரியம் பத்தாம் வகுப்புக்கு வருஷம் இரண்டு தேர்வு வைக்கிறது. பிப்ரவரியில் நடப்பதை எல்லோரும் எழுதியாக வேண்டும். மார்க்கைக் கூட்டிக்கொள்ள விரும்புகிறவர்கள் மே மாதத்தில் மூன்று பாடம் வரை மறுபடி எழுதலாம். இரண்டில் எது அதிகமோ அது நிற்கும். மாமாவின் வாழ்க்கையில் இப்படியொரு நல்ல செய்தி வந்ததே இல்லை. இம்ப்ரூவ்மென்ட் உயிர்த்தெழுந்துவிட்டது.

பெண்ணுக்குக் கணக்கில் 81. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மாமல்லபுரம் போவதென்று திட்டம். திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் பத்திரிகை வெளியே வந்துவிட்டது. 100, கீழே 81, கோடு, 19, இரண்டு வட்டம்.

"எது பெருசோ அதத்தானே எடுத்துக்கறான். எழுதினா நஷ்டம் என்ன?" என்றார் மைத்துனர்.

"அதான் நானும் கேக்கறேன்" என்றார் மாமா.

"அவ காமர்ஸ் எடுத்திருக்கா. கிளாஸ் ஏப்ரல்லயே ஆரம்பிச்சிட்டாங்க" என்றாள் அவள் அம்மா.

"நாளைக்கு மனசு மாறி இன்ஜினியரிங் போறேன்னு சொன்னா? கட்-ஆஃப் ரெண்டு பேருக்குச் சமமா வந்தா கணக்கப் பார்ப்பான், அதுவும் சமம்னா பிசிக்ஸ், அப்புறம் பிளஸ் டூ மொத்தம். அதுவும் சமம்னா பத்தாவது மொத்தத்தப் பார்ப்பான் கவுன்சிலிங்ல. அப்ப இந்தப் பத்தொம்பது பேசும்."

அதாவது பெண் மனசு மாறி, குரூப் மாறி, இரண்டு வருஷம் கழித்து எங்கோ இருக்கிற முகம் தெரியாத ஒரு பிள்ளையோடு எல்லாப் பாடத்திலும் புள்ளி பிசகாமல் சமமாக வந்து நின்றால், அன்றைக்கு அந்தப் பத்தொன்பது பேசும். அதற்காக இந்த மே மாதம் பகலில் கணக்குப்பதிவியலும் ராத்திரியில் முக்கோணவியலும் படிக்க வேண்டும்.

"ராமானுஜனே ஃபெயிலானவர்தானே மாமா" என்று நான் வாயைக் கொடுத்தேன்.

"எதுல? கும்பகோணத்துலயும் பச்சையப்பன்லயும் மத்த பாடத்துல போச்சு. கணக்குல போகல." அதோடு நான் வாயை மூடிக்கொண்டேன். தகவலில் மாமாவை மடக்க முடியாது.

ஐந்து ரதங்களுக்கு முன்னால் வந்து நின்றோம். ஏழாம் நூற்றாண்டில் பாறையிலேயே செதுக்கியவை. வேலை முழுசாக முடியாமல் நிற்பவை. மாமா பீம ரதத்தைச் சுற்றி வந்தார். அடிப்பகுதியில் செதுக்காமல் விட்டிருந்த இடத்தைக் குனிந்து பார்த்தார்.

"இவ்ளோ பண்ணவன் மிச்சத்தையும் பண்ணியிருக்கலாம்ல?"

பக்கத்தில் நின்ற கைடு அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஆயிரத்து முன்னூறு வருஷமா ஜனங்க பாக்க வராங்க சார். மிச்சத்த இதுவரைக்கும் யாரும் கேக்கல."

மாமா அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்.

கடற்கரையில் மாங்காய் பத்தையை உப்புமிளகாய்த் தூளோடு தின்றுகொண்டிருந்தபோதுதான் பெண்ணின் அத்தைக்குத் தோன்றியது. "ஏண்டி, நீ என்ன சொல்ற?" அதுவரை யாருமே அவளிடம் கேட்கவில்லை.

"எனக்கு எண்பத்தொண்ணு போதும் அத்தை. நான் படிச்ச படிப்புக்கு அதுவே ஜாஸ்தி."

"அப்ப படிச்சிருந்தா?" என்றார் மாமா.

பெண் மே மாதம் எழுதவில்லை. யாரும் வேண்டாம் என்று முடிவெடுக்கவும் இல்லை. பேசிக்கொண்டிருந்ததில் கட்டணம் கட்டக் கடைசி நாள் போய்விட்டது. எங்கள் குடும்பத்தில் பெரிய முடிவுகளெல்லாம் இப்படித்தான் எடுக்கப்படுகின்றன.

இதோடு முடித்தால் மாமா ஒரு தொல்லை என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆனால் எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவரின் மகன் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாவது எழுதிக் கணக்கில் 27 வாங்கினான். மற்ற நாலும் பாஸ். பையன் இனிமேல் புத்தகத்தைத் தொடமாட்டேன், மெக்கானிக் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டான். சாயங்காலம் மாமா போய் நின்றார். மிச்சம் 73 எங்கே என்று கேட்பார் என்று பயந்து நானும் பின்னாலேயே போனேன்.

"டேய் தம்பி, எட்டு மார்க்குடா" என்றார். பாஸ் மார்க் 35இலிருந்து கழித்திருக்கிறார்.

பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். ஒரு மார்க் கேள்வி பதினாலு. வடிவியல் எட்டு, வரைபடம் எட்டு. ஆக முப்பது. இரண்டு மார்க் கேள்வியில் மூன்று போட்டால் முப்பத்தாறு. "மீதிப் புத்தகத்த நீ தெறந்தே பாக்க வேணாம்."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல். பையனின் காம்பஸில் பென்சில் ஆடியது. மாமா கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தைக் கிழித்து, மடித்து, பென்சிலுக்குப் பக்கத்தில் செருகித் திருகினார். வட்டம் தொடங்கிய இடத்திலேயே வந்து முடிந்தது. "உதவிப்படம் போடுறா" என்று கத்துவார். பையனும் கத்துவான். நடுவில் அப்பாக்காரர் கரிப்பெட்டியை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருப்பார். விண்ணப்பம் போட, ஹால் டிக்கெட் வாங்க என்று எல்லாவற்றுக்கும் மாமாவே கூடப் போனார். ஜூலையில் துணைத் தேர்வு. பையன் 46 வாங்கி அதே வருஷம் ஐடிஐயில் சேர்ந்தான். அவன் அம்மா மாமாவின் வேட்டிகளுக்கு இன்றுவரை காசு வாங்குவதில்லை.

அதனால்தான் எனக்கு எரிச்சல். 27க்கும் 35க்கும் நடுவில் ஒரு பையனின் வருஷம் கிடக்கிறது என்று நன்றாகத் தெரிந்த மனிதர், 81க்கும் 100க்கும் நடுவில் ஒன்றுமே கிடக்கவில்லை என்பதை ஏன் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்? இரண்டையும் ஒரே பேனாவால் ஒரே மாதிரி வட்டமிடுகிறார். இவரைச் சொல்லி என்ன? வீட்டுக்கு வீடு அப்பாக்கள் கொஸ்டின் பேப்பரை பீரோவில் வைத்துக்கொண்டு இவர் வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். நஷ்டம் இல்லை என்கிறார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு மே மாதம் போவது இவர்கள் கணக்கில் வராது. போதும் என்று அது சொன்னது காதிலும் விழாது.

மறுபடி எழுத வேண்டுமா என்று கேட்பதற்கு முன்னால் வேறு மூன்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை தவறியிருக்கிறதா? அது போக நினைக்கிற இடத்தில் இந்த மார்க்கை யாராவது கேட்கிறார்களா? அதற்கே எழுத ஆசை இருக்கிறதா? ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்று பதில் வந்தால் மாமாவுக்குச் சொல்லி அனுப்புங்கள். அவரைவிட நல்ல வாத்தியார் கிடைக்கமாட்டார். மூன்றுக்கும் இல்லை என்றால், அவர் வந்ததும் காபியைக் கொடுத்துவிட்டு, வீட்டில் வெற்றுத்தாளோ பழைய பத்திரிகையோ கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.