நிக்கிறதுக்கும் கொஞ்சம் காசு வை, மருமவனே

வா மருமவனே, உக்காரு. காரை வாசல்ல நிறுத்தும்போதே பாத்துட்டேன். அடேங்கப்பா! பின்னாடி றெக்கை, நாலு புகைக்குழாய், சக்கரத்துக்குள்ள கேலிப்பருக்குச் சிவப்புப் பெயின்ட் வேற. லாண்டேவாடியில இருந்து நாசிக் பாட்டா வரைக்கும் வடாபாவ் வண்டிக்குப் பின்னால அது ஊர்ந்து வந்த அழகை ஊரே பாத்திருக்கும். சிவப்புப் பெயின்ட் அடிச்சா எத்தனை மீட்டர் முன்னாடியே நிக்கும்னு மட்டும் எனக்குச் சொல்லிக் குடு. புனே போசரி எம்ஐடிசியில காலமெல்லாம் டிஸ்க் கடைஞ்ச கை இது. அந்த ரகசியம் மட்டும் இன்னும் பிடிபடல.

ஒங்கம்மா போன் போட்டு ஒரே அழுகை. பையன் ரேஸ் ட்ராக்குல கார் ஓட்டப் போறானாமேன்னு. "ஓட்டுறது கெடக்கட்டும் தாயி, நிக்கிறதுக்கு நான் பொறுப்பு"ன்னு சொல்லி வச்சிருக்கேன். அதனால காதைக் குடுத்துக் கேளு.

இஞ்சினுக்குக் கூடுதலா அம்பது குதிரை கட்ட கணக்குப் பாக்காமக் குடுத்திருக்க. சத்தம் வரணும்னு புகைக்குழாய்க்குக் குடுத்திருக்க. பிரேக் பேட்னு வந்ததும் மட்டும், "மாமா, இதுல மலிவா ஏதாச்சும் வருமா?"ன்னு கேக்குற. நியாயந்தான். ஓடுறதை நாலு பேரு பாப்பாங்க, படம் எடுப்பாங்க. நிக்கிறதை யாரு பாக்கப் போறா, வளைவுல அடுக்கி வச்சிருக்கிற பழைய டயரைத் தவிர?

நம்ம ஆளுக நிறுத்துற தொழில்ல கெட்டிக்காரங்க, தெரியுமா? மெட்ராஸ் பாடியில 1962ல பிரேக்ஸ் இந்தியா ஆரம்பிச்சாங்க. 1964ல ரானே பிரேக் லைனிங், 1974ல சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். இந்தியாவுல ஓடுற லாரி, பஸ், காரு எத்தனையையோ நிறுத்துற சரக்கு தமிழ்நாட்டுல இருந்துதான் போகுது. அந்த மண்ணுல பொறந்துட்டு நீ முடுக்குறதை மட்டும் படிச்சுட்டு வந்திருக்க.

சரி, கணக்குக்கு வருவோம். ஒன் காரும் நீயும் சேர்ந்து ரெண்டு டன்னு. (ஒன் பங்கைக் கொறைச்சுச் சொல்லாத, பிரேக்குக்குப் பொய் தெரியாது.) எல்லாத்தையும் ஒன் காருன்னு நெனைக்காத. செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா சிட்டியில பூட்டுற பிஎம்டபிள்யூ எம்340ஐ ஏறத்தாழ ஒன்னேமுக்கால் டன்னு. பாட்டரியும் சேர்ந்த புது எம்5 ரெண்டேகால் டன்னைத் தாண்டிருச்சு. அந்தக் காலத்து மாருதி 800 வெறும் 650 கிலோ.

200 கிலோமீட்டர் வேகத்துல வர்ற ரெண்டு டன் காருக்குள்ள 30 லட்சம் ஜூலுக்கு மேல சக்தி இருக்கு. மாருதி 800 நூறுல வரும்போது இருக்கிறதைவிட பத்து மடங்குக்கும் மேல. எடை ரெண்டு மடங்கானா சக்தியும் ரெண்டு மடங்கு. வேகம் ரெண்டு மடங்கானா சக்தி நாலு மடங்கு. ஒனக்கு ரெண்டுமே கூடுதல். நீ பெடலை மிதிக்கிற அஞ்சாறு செகண்டுல அம்புட்டும் சூடா மாறியாகணும், வேற போக்கிடம் கெடையாது. ஒரு தவலையில பத்து லிட்டர் பச்சைத் தண்ணி ஊத்தி அடுப்புல ஏத்தினா எப்பக் கொதிக்கும்னு ஒங்க அத்தைகிட்டக் கேளு. அம்புட்டுச் சூட்டையும் நீ ஒரு மிதியில கொட்டுற.

முழுசா நிக்கலியே மாமா, 80க்குத்தானே கொறைக்கிறேன்னு கேப்ப. புத்திசாலிதான். ஆனா 200ல இருந்து 80க்கு வரும்போதே அந்தச் சக்தியில நூத்துக்கு 84 பங்கு போயிருது. அதுல முக்காப் பங்குக்குக் கிட்ட முன்சக்கரத்துல விழும். முன்னாடி டிஸ்க் ரெண்டும் சேர்ந்து ஒரு 24 கிலோ இரும்புன்னு வையி. ஒரே மிதியில சூடு 150 டிகிரிக்கு மேல ஏறும். ஆறுறதுக்குள்ள அடுத்த வளைவு வந்துரும், நீ மறுபடியும் மிதிப்ப. இதை ஒரு சுத்துக்கு நாலஞ்சு தடவை, ஒரு தரம் எறங்கினா பதினஞ்சு இருபது நிமிஷம் செய்யப் போற. கம்பெனியில இருந்து வந்த பேட் ஆபீசுக்குப் போய்வரச் செஞ்சது. அதைக் கொண்டுபோய் உலையில போட்டுட்டு, "மாமா, புடிக்கல"ன்னா?

பேட்டுக்குள்ள இருக்கிற தூளையெல்லாம் ஒட்டி வச்சிருக்கிறது ஒருவகை ரெசின். சாதாரணச் சாலைப் பேட் 350, 400 டிகிரியைத் தாண்டினதும் அந்த ரெசின் கருகி வாயுவா வரும். பேட்டுக்கும் டிஸ்குக்கும் நடுவுல அந்த வாயு புகுந்துக்கிட்டா, பெடல் கல்லு மாதிரி கெட்டியா இருக்கும், காரு மட்டும் நிக்காது. அதுதான் பேட் தளர்றது. இன்னொன்னு இருக்கு. பிரேக் ஆயில் கொதிச்சு ஆவியாகிப் பெடல் பொசுக்குனு தரை வரைக்கும் போயிரும். ரெண்டும் வேற வேற வியாதி. பெடல் கெட்டியா இருந்து நிக்கலேன்னா பேட்டைப் பாரு. பெடல் உள்ள போனா ஆயிலைப் பாரு. இது தெரியாம ஆயில் கொதிச்சவன் பேட்டை மாத்துவான், பேட் தளர்ந்தவன் ஆயிலை மாத்துவான். கடைக்காரன் ரெண்டு பேரையும் கும்பிட்டு வரவேற்பான்.

அதனால முதல் காசு ஆயிலுக்கு. டாட் 3 ஆயில் புதுசா இருக்கையில குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காம நிக்கணும்னு விதி. டாட் 4க்கு 230, டாட் 5.1க்கு 260. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த ஆயில் சும்மா நிக்கும்போதே காத்துல இருந்து ஈரத்தைக் குடிக்கும். ஈரம் சேர்ந்த டாட் 4க்குக் கணக்கு 155 டிகிரிதான். புனேயில நாலு மாசம் மழை. போன வருஷத்து ஆயிலோட ட்ராக்குக்குப் போறவன் பாதித் தண்ணியை நம்பிப் போறான்னு நான் சொல்ல மாட்டேன், அது கொஞ்சம் மிகை. ஆனா மூணு, நாலு சதவீதம் தண்ணி சேர்ந்தாலே அந்த 155தான். ரேசுக்குன்னு விக்கிற ஆயில் புதுசுல 300 டிகிரியைத் தாண்டும். வாங்கி ஊத்து, காத்தெல்லாம் எடு, ட்ராக்குக்குப் போறதுக்கு முன்னாடியே எடு. டாட் 5ன்னு ஒன்னு இருக்கு, அது சிலிக்கோன். நம்பர் பெருசா இருக்கேன்னு அதை இதோட கலந்துராத.

இனி பேட். கடைக்குப் போனா அவன் ஒன் மூஞ்சியைப் பாத்ததும், "எது சார், செராமிக்கா?"ன்னு கேப்பான். சாலைக்குன்னு வர்ற செராமிக் பேட் சத்தம் போடாது, சக்கரத்துல கரி புடிக்காது, சமர்த்து. மாப்பிள்ளை பாக்கப் போற காருக்குப் பொருத்தம், ட்ராக்குக்கு இல்ல. கனமான காருக்கு உலோகத்தூள் கூடுதலாச் சேர்ந்த, ட்ராக்குக்குன்னே செஞ்ச பேட் வேணும். 600, 700 டிகிரியிலயும் புடிப்பு மாறாம நிக்கிற சரக்கு. "எம்புட்டு இறுக்கமாப் புடிக்கும்?"னு கேக்காத. "எந்தச் சூட்டுல இருந்து எந்தச் சூடு வரைக்கும் ஒரே மாதிரி புடிக்கும்?"னு கேளு. பதில் சொல்லத் தெரியாத கடையில டீ மட்டும் குடிச்சுட்டு வந்துரு.

பேட் முதுகுல ரெண்டு எழுத்து அடிச்சிருப்பான், எஃப்எஃப், ஜிஜின்னு. ஒங்க கூட்டாளிக அதைத்தான் சாதகம் மாதிரி பாத்துட்டு அலையுறாங்க. முதல் எழுத்து சாதாரணச் சூட்டுப் புடிப்பு, ரெண்டாவது கூடுதல் சூட்டுப் புடிப்பு. எஃப்னா உராய்வு எண் 0.35 முதல் 0.45 வரைக்கும், ஜின்னா 0.45 முதல் 0.55. ஆனா அந்தச் சோதனை ஒரு அங்குலச் சதுரத் துண்டை வச்சு நடக்கிறது, ஏறத்தாழ 350 டிகிரிக்குள்ளயே முடிஞ்சுரும். ஒன் ட்ராக்கு தொடங்குறதே அங்கதான். ஜிஜி போட்ட பேட்டு நல்லதாவும் இருக்கலாம், நாலாவது சுத்துல கையை விரிக்கவும் செய்யலாம். எழுத்து சொல்லாது.

அதோட, டயர் புடிக்கிற அளவுக்குத்தான் பேட் புடிச்சுப் பிரயோசனம். சாதா டயருக்கு முரட்டுப் பேட் போட்டா, தொட்டதும் ஏபிஎஸ் தடதடன்னு கத்தும், அம்புட்டுதான். நல்ல ஒட்டுற டயர் போட்டேன்னா அதே வளைவுல இன்னும் தாமதமா, இன்னும் இறுக்கமா மிதிப்ப, சூடும் அதுக்கேத்தாப்ல ஏறும். டயரைப் பாத்துப் பேட்டு வாங்கு. முன்னாடி ஒரு ரகம், பின்னாடி கெடைச்ச ரகம்னு போட்டுராத. ஏபிஎஸ்ஸும் முன்பின் பங்கும் ஒரு கணக்குல வச்சிருக்காங்க. பின்னாடி கூடுதலாப் புடிச்சா வளைவுல வாலு முன்னாடி வந்து உன்னைக் கேக்கும், "எங்க போற?"ன்னு.

பெரிய காருல இன்னொரு கள்ளத்தனம் இருக்கு. காரு வழுக்காமப் பாத்துக்கிற அந்தக் கருவி, வளைவுல உள்பக்கச் சக்கரத்துக்கு உன்னைக் கேக்காமலே பிரேக் போடும். நீ ரொம்பத் தெறமையா ஓட்டுறன்னு நெனைச்சுட்டு இருப்ப. பின்பேட்டு தேஞ்ச தேய்மானம் வேற கதை சொல்லும். எறங்கினதும் குனிஞ்சு பாரு, அந்த வயிறு குனிய விட்டா.

எந்த ட்ராக்குன்னும் பாக்கணும். கோயமுத்தூர் செட்டிபாளையத்துல ரேஸ்காரர் கரிவர்தன் பேர்ல இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே சின்னது, ரெண்டு கிலோமீட்டரைச் சொச்சம். வேகம் கம்மி, ஆனா வளைவு வந்துட்டே இருக்கும், டிஸ்குக்கு மூச்சு விட நேரம் இருக்காது. மெட்ராஸ் பக்கம் இருங்காட்டுக்கோட்டை 3.717 கிலோமீட்டர், வேகமான வளைவு உண்டு. கிரேட்டர் நொய்டாவுல 2011ல ஃபார்முலா 1 நடந்த புத்தா சர்க்யூட் அஞ்சு கிலோமீட்டருக்கு மேல, அதுல ஒரு நேர்பாட்டை மட்டும் ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். அந்தப் பாட்டையோட கோடியில ஒன் ரெண்டு டன்னு என்ன வேகத்துல வந்து நிக்கும்னு நெனைச்சுப் பாத்துட்டு மலிவுப் பேட்டைப் பத்திப் பேசு.

இப்ப ஒனக்கு ஆசை வந்திருக்கும், ரேஸ் பேட்டையே போட்டுட்டு எப்பவும் சுத்தலாம்னு. போடு ராசா. காலையில குளிர்ந்த டிஸ்குல அது முதல் மிதிக்குப் புடிக்காது, சூடானாத்தான் புடிக்கும். சாக்கன் ரோட்டுல முன்னால போற டெம்போக்காரன் ஒன் பேட்டு சூடாகட்டும்னு காத்திருப்பான், நல்ல மனுசன். கீச்சுனு கத்துற கத்துல இந்திராயணி நகரே எந்திரிக்கும். டிஸ்க்கைத் தின்னுரும். அதுல வர்ற தூளு ஈரம் பட்டாச் சக்கரத்துல துரு மாதிரி ஒட்டி, அந்தச் சிவப்புப் பெயின்டைக்கூட மறைச்சுரும். பெயின்ட் போச்சுன்னா அப்புறம் எப்படி நிப்ப?

அதனால ரெண்டு செட்டு. சாலைக்கு ஒன்னு, ட்ராக்குக்கு ஒன்னு. இங்கிருந்து மெட்ராசுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல. கம்பாட்கி மலைப்பாதையில மழையில எறங்கும்போது சாலைப் பேட்டு போட்டுப் போ. அங்க போயி மாத்து, முடிஞ்சதும் திரும்ப மாத்து. பேட்டு மாத்தத் தெரியாதவன் ட்ராக்குல ஓட்டக் கூடாதுன்னு எங்கயும் சட்டம் இல்ல, இருக்கணும்.

மாத்தினதும் முறையாப் பழக்கணும். நல்ல வேகத்துல இருந்து அழுத்திக் கொறைச்சு, முழுசா நிக்காம, திரும்ப வேகம் எடுத்து, பல தடவை. பேட்டுச் சரக்கு டிஸ்குல சீரா ஒரு படலமாப் படியும். அந்தப் படலத்துலதான் புடிப்பு. ராத்திரி ஸ்பைன் ரோட்டுல இதைச் செய்யாத, ட்ராக்குலயே செய். சூடா நிறுத்திட்டுப் பெடலை அமுக்கிக்கிட்டே நின்னா, ஒரே எடத்துல சரக்கு அப்பிக்கும். அப்புறம் ஸ்டீயரிங் ஆடும். "மாமா, டிஸ்க் வளைஞ்சு போச்சு, கடைஞ்சு குடு"ன்னு வந்து நிப்ப. வளையல, அப்பியிருக்கு. கடைசிச் சுத்தைப் பிரேக் தொடாம மெதுவா ஓட்டி ஆற விடு. நிறுத்தினதும் கை பிரேக் போடாத. பேட்டு பாதி தேஞ்சதுமே மாத்திரு. மெலிஞ்ச பேட்டு சூட்டைத் தடுக்காம நேரா ஆயிலுக்கு அனுப்பிரும். கார்பன் செராமிக் டிஸ்க் உள்ள காரா இருந்தா அதுக்குன்னு சொன்ன பேட்டைத் தவிர எதையும் கிட்டவே கொண்டு போகாத. அந்த டிஸ்க் விலையைக் கேட்டு ஒங்கம்மா அழுதா அதுக்கு நான் பொறுப்பு இல்ல.

பேட்டு பொறந்த கதையையும் கேளு. இங்கிலாந்துல டெர்பிஷைர் மலைப் பக்கம் ஹெர்பர்ட் ஃப்ரூடுன்னு ஒருத்தர். எறக்கத்துல குதிரைவண்டிக்காரங்க மரக்கட்டைப் பிரேக்குல பழைய பூட்சை வச்சுக் கட்டுறதைப் பாத்துட்டு யோசிச்சு, 1897ல பிரேக் லைனிங் செய்ய ஆரம்பிச்சார். ஃபெரோடோங்கிற கம்பெனி அவர் போட்டதுதான். வண்டிக்காரனுக்கு எறக்கம் எம்புட்டு, சுமை எம்புட்டுன்னு தெரியும். ஒனக்குத் தெரிஞ்சதெல்லாம் குதிரை எம்புட்டுன்னுதான்.

அப்ப வரிசையைச் சொல்றேன், எழுதிக்கோ. முதல்ல ஆயில். ரெண்டாவது, காரோட எடைக்கும் டயருக்கும் ட்ராக்குக்கும் ஏத்த பேட்டு. மூணாவது, டிஸ்குக்குக் காத்து போக வழி. நாலாவது, ஒன் வயித்தைக் கொஞ்சம் கொறை, ஓசியில கெடைக்கிற பிரேக்கு அது. மிச்சம் காசு இருந்தா அந்தக் குதிரை, றெக்கை, சத்தம் எல்லாம்.

பக்கத்து சீட்டுல உக்காந்து வர்றீங்களா மாமான்னு கூப்பிடுவன்னு தெரியும். வர்றேன். முதல் சுத்துல ஏத்தாத, முதல் சுத்துல எந்தக் காரும் நிக்கும். பத்தாவது சுத்துல ஏத்து.