சால்மன் விடுதி: போடி அத்தைக்கு ஒரு விளக்கக் கடிதம்

சால்மன் விடுதி என்பது, மீன் பிடிக்கத் தெரியாதவர் பெருந்தொகை கட்டி, மீன் பிடிக்கத் தெரிந்த ஒருவரை வழிகாட்டியாகப் பெற்று, அவர் கண்ணெதிரிலேயே மீனைத் தவறவிடுவதற்காக வடக்குக் காடுகளில் கட்டப்பட்டிருக்கும் மரவீடு. அலாஸ்கா, கனடாவின் மேற்குக் கரை, நார்வே, ஐஸ்லாந்து, ஸ்காட்லாந்து என்று பல இடங்களில் இவை உண்டு. பெயர் போனவை அலாஸ்காவின் தென்மேற்கு மூலையில், பிரிஸ்டல் வளைகுடாவில் கலக்கும் ஆறுகளின் ஓரத்தில் இருக்கின்றன. சாக்கை என்ற செந்நிறச் சால்மன் உலகத்திலேயே அதிகமாக வந்தேறுவது அங்கேதான். சாலை கிடையாது. கைபேசிக்கு சிக்னல் கிடையாது. தங்குமிடம், சாப்பாடு, படகு, வழிகாட்டி எல்லாம் சேர்த்து ஒரு வாரத்துக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும்.

"ஏண்டா, அந்தக் காசுக்கு ஊருக்கு வந்துட்டுப் போயிருக்கலாம்ல?" என்று அத்தை போனில் கேட்டது இந்தக் கணக்கை வைத்துத்தான். கேள்வியில் பிழை இல்லை. விடை அமெரிக்கக் குடிவரவு விதிகளில் இருக்கிறது. எச்-1பி அனுமதியில் வேலை பார்ப்பவருக்கு அனுமதியை நாட்டுக்குள் இருந்தபடியே நீட்டித்துக் கொடுப்பார்கள். ஆனால் பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகியிருந்தால், வெளியே போனவர் திரும்பி நுழையத் தூதரகத்தில் புது முத்திரை வாங்க வேண்டும். தங்கச்சி கல்யாணத்துக்குப் போய், முத்திரைக்குத் தேதி கிடைக்காமல் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டு வேலையை விட்டவர்கள் உண்டு. ஆகவே விடுமுறை கிடைத்த தமிழர், எல்லை தாண்டாமல் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போகிறார். சியாட்டிலில் இருப்பவருக்கு அந்தத் தூரம் அலாஸ்காவாக அமைகிறது. 1867-இல் 72 லட்சம் டாலர் கொடுத்து ரஷ்யாவிடம் அதை வாங்கிப் போட்டவர்களுக்கு எச்-1பிகாரர்கள் நன்றிக்கடன் பட்டிருக்கிறார்கள்.

போகும் வழி மூன்று விமானங்களாகும். சியாட்டிலிலிருந்து ஆங்கரேஜுக்குப் பெரிய விமானம்; அங்கிருந்து கிங் சால்மன் என்ற ஊருக்குச் சிறியது; அதன் பிறகு, சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு மிதவைகள் பூட்டி ஏரியில் இறங்கும் ஒற்றை எஞ்சின் விமானம். டி ஹாவிலண்ட் பீவர் என்ற இந்த ரகம் முதலில் பறந்தது 1947-இல். இன்றும் அதே விமானங்களைப் பழுது பார்த்துப் பார்த்து ஓட்டுகிறார்கள். போடிமெட்டுக்கு ஏறும் எஸ்டேட் ஜீப்புகளைப் பார்த்து வளர்ந்தவருக்கு இதில் அதிர்ச்சி இல்லை. அதிர்ச்சி தருவது தராசு. பயணியையும் பையையும் நிறுத்தி, எடையைச் சத்தமாகச் சொல்லிக் குறித்துக்கொள்கிறார்கள். பதிவுப் படிவத்தில் எழுதிய எடைக்கும் தராசு காட்டும் எடைக்கும் இடையில் அத்தை அனுப்பிய முறுக்கு டின்கள் நிற்கின்றன. விமானி எதுவும் சொல்வதில்லை. ஆளை முன் இருக்கையிலிருந்து நடு இருக்கைக்கு மாற்றிவிடுகிறார்.

பசிபிக் சால்மனில் அலாஸ்காவுக்கு வருபவை ஐந்து வகை: கிங், சாக்கை, கோஹோ, பிங்க், சம். ஆற்றின் கூழாங்கல்லுக்கு அடியில் பொரிக்கும் சாக்கைக் குஞ்சு, ஓரிரு ஆண்டுகள் ஏரியில் வளர்ந்து, கடலுக்குப் போய் இரண்டு மூன்று ஆண்டுகள் தின்று கொழுத்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்புகிறது. நன்னீரில் நுழைந்ததும் சாப்பாட்டை நிறுத்திவிடும். வெள்ளி உடம்பு சிவந்து, தலை பச்சையாகி, ஆணின் தாடை கொக்கி போல வளைந்துவிடும். முட்டையிட்டதும் சாவு. அட்லாண்டிக் சால்மனில் சில பிழைத்து மறுபடி கடலுக்குப் போவதுண்டு. சாக்கையில் அந்தப் பேச்சே இல்லை.

ஆயிரக்கணக்கான மைல் கடலில் அலைந்தது தன் ஓடையை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்ற கேள்விக்கு விடை, மூக்கு. ஆர்தர் ஹாஸ்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர் தான் சிறுவயதில் திரிந்த யூட்டா மலையில் ஓர் அருவியை நோக்கி நடந்தபோது, அருவி கண்ணில் படும் முன்பே பாசியும் செடியும் கலந்த வாசனை வந்து பழைய நினைவுகளைக் கிளப்பியதாம். மீனுக்கும் இப்படித்தான் இருக்குமோ என்று அவர் யோசித்தார். 1951-இல் அவரும் வாரன் விஸ்பியும், ஓடைக்கு ஓடை தண்ணீரின் வாசனை வேறு, அதை மீன் பிரித்தறிகிறது என்று காட்டினார்கள். பின்னாளில் மிச்சிகன் ஏரியில், மார்ஃபோலின் என்ற வேதிப்பொருளில் பழக்கிய கோஹோ குஞ்சுகள் வளர்ந்ததும், அதே பொருளைக் கலந்த ஓடைகளைத் தேடி ஏறின. போடியில் ஏலக்காய் புடைக்கும் தெருவில் வளர்ந்தவர்களைக் கேட்டிருந்தால் இவ்வளவு செலவு பிடித்திருக்காது.

பட்டினி கிடக்கும் மீன் தூண்டிலை ஏன் கடிக்கிறது? கோஹோவும் கிங்கும் எரிச்சலில் கடிக்கும் என்கிறார்கள். சாக்கை பெரும்பாலும் கடிப்பதே இல்லை. கூட்டமாக எதிரேறும் மீன்களின் திறந்த வாய்க்குள் நரம்பு குறுக்கே போய், முள் தாடையில் மாட்டும்படி ஓட்டத்தோடு விடுவதுதான் வித்தை. முதுகிலோ வாலிலோ மாட்டினால் சட்டப்படி விட்டுவிட வேண்டும். மண்புழு தோண்டிப் பழகிய கொட்டகுடி ஆற்று அனுபவம் இங்கே பயன்படாது.

விதிகள் பல. உரிமம் வாங்க வேண்டும். கிங் பிடிப்பதென்றால் அதற்குத் தனி முத்திரை. (இந்த முத்திரைக்கு நேர்காணல் இல்லை, கிளம்பும் முன்பே கைபேசியில் ஐந்து நிமிடத்தில் கிடைக்கிறது.) அடிப்பாகத்தில் கம்பளி ஒட்டிய பூட்ஸ் 2012 முதல் அலாஸ்காவின் ஆறுகளில் கூடாது, ஈரக் கம்பளியில் ஒட்டிக்கொண்டு ஓர் ஆற்றின் பாசியும் நோயும் இன்னோர் ஆற்றுக்குப் போய்விடும் என்பது காரணம். இவையெல்லாம் புரிந்துகொள்ளக்கூடியவை. புரிந்துகொள்ள நேரமெடுப்பது வாசனை விதி.

கிங் சால்மன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கட்மாய் தேசியப் பூங்காவில் பழுப்புக் கரடிகள் இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அங்குள்ள புரூக்ஸ் ஆற்றுக்குப் போகும் ஒவ்வொருவரும் இறங்கியதும் முதலில் உட்கார வேண்டியது கரடிப் பள்ளியில். பாடம் முடிந்தால் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்ன வில்லை தருகிறார்கள். பாடம் இதுதான்: கரடிக்கு 50 கஜத்துக்குள் போகக்கூடாது, அது வந்தால் மனிதர் விலக வேண்டும், ஓடக்கூடாது, தூண்டிலில் மீன் மாட்டியிருக்கும்போது கரடி நெருங்கினால் நரம்பை அறுத்துவிட வேண்டும், குறித்த இடம் தவிர வேறெங்கும் சாப்பாடு கூடாது, வெறும் தண்ணீர் மட்டும், வாசனையுள்ள எதையும் கையில் வைத்திருக்கக்கூடாது.

மற்ற விருந்தினர்கள் பற்பசையையும் உதட்டுத் தைலத்தையும் எடுத்து வைத்துவிட்டு வகுப்பை முடித்துக்கொள்கிறார்கள். போடிக்காரர் விஷயம் அப்படி முடிவதில்லை. சட்டைப்பையில் எட்டு எம்எம் ஏலக்காய் ஒரு பொட்டலம், பச்சை மங்காதது. அதிகாரி அதை முகர்ந்து பார்க்கிறார். இன்னொருவரைக் கூப்பிட்டு முகரச் சொல்கிறார். அது பூட்டிய அறைக்குப் போகிறது. அடுத்து கோடாலித் தைலம். அதற்கு மூவர் முகர்கிறார்கள், ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். பிறகு சந்தன சோப்பு, பருப்புப் பொடி, இரண்டு பிளாஸ்டிக் பையும் ஒரு டப்பாவும் போட்டு மூடிய எலுமிச்சை ஊறுகாய். பரமசிவன் கோயில் விபூதி வாசனைப் பட்டியலில் வருமா என்று ஒரு சிறு விவாதம் நடக்கிறது. நெற்றியில் இருப்பது இருக்கட்டும், பொட்டலம் உள்ளே என்று தீர்ப்பாகிறது. எல்லாம் போன பிறகும் அதிகாரி மூக்கைச் சுளித்தபடி நிற்கிறார். பெட்டியின் உள்துணிதான் காரணம். பல ஆண்டுகளாக ஊரிலிருந்து ஏலக்காயும் மசாலாவும் ஏறி இறங்கிய பெட்டி. அதைக் காலி செய்தாலும் காலியாகாது. பெட்டியும் பூட்டிய அறைக்குப் போகிறது, துணிமணிகள் ஒரு கறுப்புக் குப்பைப் பையில் வெளியே வருகின்றன. மீனுக்கு மூக்கு இருக்கலாம், கரடிக்கு மூக்கு இருக்கலாம், ஆனால் போடிக்காரருக்கு மட்டும் அந்த வாரம் எந்த வாசனையும் அனுமதி இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கும் வெளிச்சம் குறையாத ஊரில், சுக்கும் ஏலக்காயும் இல்லாத டீயைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு, கோயில் மணி எத்தனை மணிக்கு அடிக்கும் என்ற கணக்கு வந்து போகிறது.

நடக்கும்போது பேசிக்கொண்டே நடக்க வேண்டும் என்பதும் பாடத்தில் உண்டு. திடுக்கிட்ட கரடிதான் ஆபத்தானது. அமெரிக்கர்கள் "ஏய் கரடி, ஏய் கரடி" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போகிறார்கள். எந்த மொழியும் ஆகும் என்று வழிகாட்டி சொன்னதும், "சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம் எல்லாம் ஏறு" என்று பஸ் கண்டக்டர் பாணியில் ஒரு குரல் அந்தக் காட்டில் கேட்கத் தொடங்குகிறது. இதைக் கேட்டு எந்தக் கரடியும் பக்கத்தில் வந்ததில்லை.

பிடித்த மீனைத் திரும்ப விடுவது பற்றி ஊரில் நடந்த கேலிக்கு ஒரு விளக்கம் தேவை. விடுவது சால்மனை அல்ல; சால்மனுக்கு நாளொன்றுக்கு இத்தனை என்று அளவு உண்டு, அதற்குள் வீட்டுக்குக் கொண்டுவரலாம். அந்த ஆறுகளில் பொதுவாகத் திரும்ப விடுவது வானவில் டிரவுட்டை. அது பல ஆண்டு வாழ்ந்து, பலமுறை முட்டையிடும் மீன், எண்ணிக்கையும் குறைவு. கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீரிலிருந்து தூக்காமல், முள்ளைக் கழற்றி அனுப்ப வேண்டும்.

அந்த டிரவுட் அத்தைக்கு அந்நியம் இல்லை. போடிக்கு மேலே, மூணாறு மலையின் ஓடைகளில் அது இருக்கிறது. 1989-இல் மீனியலார் வானவில் டிரவுட்டைப் பசிபிக் சால்மன் பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆகவே சால்மனுக்கு அது பங்காளி முறை. இந்தியாவில் இயற்கையாக டிரவுட் கிடையாது. நீலகிரிக்குக் கொண்டுவர பிரான்சிஸ் டே 1863-இல் முயன்று பலிக்கவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் காலத்தில்தான் அவலாஞ்சி பக்கம் நிலைத்தது. மூணாறில் தேயிலைத் துரைமார்கள் விட்டார்கள்; ராஜமலையில் பொரிப்பகம் வைத்து, தூண்டில் சங்கம் அமைத்து, அனுமதிச் சீட்டு போட்டுப் பிடித்தார்கள். பூஞ்சார் ராஜாவிடம் மன்றோ என்ற துரை 1877-இல் எழுதி வாங்கிய கண்ணன் தேவன் மலையில், டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தேயிலை கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்த காலம் அது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஆள், குளிர்ந்த ஓடையைப் பார்த்ததும் தன் ஊர் நினைவில் டிரவுட்டைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார். அவரை வாசனைப் பொருளைப் பூட்டி வைக்கச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

இனி கிங் சால்மன். 1985-இல் கெனாய் ஆற்றில் தூண்டிலில் பிடிபட்டது 97 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது 44 கிலோ. அதுதான் இன்றுவரை சாதனை. போடிக்காரர் பிடித்தது அதில் கால்வாசி இருக்கும். குடும்பக் குழுவில் வந்த படத்தில் மீன் பெரிதாகத் தெரிவது கையை முன்னால் நீட்டிப் பிடித்ததால் என்று சித்தப்பா சொல்வதில் உண்மையில்லை. கிங் மாட்டினால் முதலில் தெரிவது கனம். பாறையில் முள் சிக்கியது போல் அசையாது. பிறகு பாறை ஆற்றின் போக்கில் ஓடத் தொடங்கும். நரம்புச் சக்கரத்தின் கைப்பிடி மின்விசிறி வேகத்தில் சுற்றும். விரலை எடுக்காதவருக்கு விரல் முட்டியில் அடி. நிறுத்த முடியாது, மீன் நிற்கும்போது சுற்றி, ஓடும்போது விட்டு, இடுப்பளவு பனித்தண்ணீரில் கரையோரமாகக் கூடவே நடக்க வேண்டும். தோள் இறங்கி, கை நடுங்கி, வழிகாட்டி வலையை நீட்டும்போது அந்த மீனின் முதுகு கருநீலத்தில் சின்னச் சின்னப் புள்ளிகளோடு தெரியும். வலைக்குள் போட்டது வழிகாட்டி, பிடித்தது போடிக்காரர். இதில் ஊரில் மறுபேச்சு வேண்டாம்.

பிடித்ததைச் சுத்தம் செய்வது விடுதியின் வேலை. முதுகெலும்பை நீக்கி இரண்டு பக்கச் சதையையும் பாளமாக எடுத்து, காற்று நீக்கிய பையில் அடைத்து, உறையவைத்து, அட்டைப்பெட்டியில் 50 பவுண்டு கணக்குக்குக் கட்டித் தருகிறார்கள். விமானத்தில் சாமானாகப் போட்டுக்கொள்ளலாம். போடிக்கு அனுப்ப வழியில்லை. சதையில் எண்ணெய் அதிகம் என்பதால் புளிக்குழம்புக்கு நல்லெண்ணெயைப் பாதியாகக் குறைக்க வேண்டும்; கொதித்த பிறகு போட்டு, கரண்டி படாமல் சட்டியை ஆட்டி இறக்கினால் உடையாது. நடுவில் வரிசையாக இருக்கும் ஊசி முள்ளைக் குறடு வைத்துப் பிடுங்கிவிட வேண்டும்.

தலையை ஆற்றின் வேகமான பகுதியில் வீசிவிடுகிறார்கள். பத்துக் கிலோ மீனின் தலை, கன்னச் சதையோடு, அப்படியே போகிறது. வேண்டும் என்று கேட்ட விருந்தினர் இதற்கு முன் இல்லை போலும்; எதற்கு என்று வழிகாட்டி இரண்டு தடவை கேட்டார். எடுத்துப்போகத் தடை ஒன்றும் இல்லை. ஆனால் பெட்டியில் இடம் வேண்டுமென்றால், கத்தி எடுக்கும் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.