விசிலும் ஒரு பேச்சுதான்

கேள்வி: விசிலடிப்பது வெறும் சத்தம். அதைப் போய் மொழி என்கிறார்களே, கொஞ்சம் ஓவராக இல்லை?

பதில்: இல்லவே இல்லை. கேனரித் தீவுகளில் ஒன்றான லா கொமேராவில், பள்ளத்தாக்கின் இரு பக்கமும் நின்றுகொண்டு ஸ்பானிய மொழியையே விசிலில் பேசுகிறார்கள். மடித்த விரலை வாய்க்குள் வைத்து, மறு கையைக் குவித்து ஊதினால் கிலோமீட்டர் கணக்கில் கேட்கும். பெயர் சில்போ. இந்த விசிலில் பல எழுத்துகளுக்கு ஒரே ஓசைதான். ‘அப்படியென்றால் குழப்பம் வராதா?’ என்பீர்கள். வரத்தான் செய்யும், முன்பின் பேச்சை வைத்துப் புரிந்துகொள்கிறார்கள். ஒரே ‘க’வை ‘கடல்’, ‘தங்கம்’, ‘பகல்’ மூன்றிலும் வேறு வேறாக வாசிக்கும் நமக்கு இது புரியாதா என்ன! சில்போ தெரிந்தவர்கள் அதைக் கேட்கும்போது மூளையின் மொழிப் பகுதிகளே வேலை செய்வதை 2005-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிறகென்ன சந்தேகம்? அங்கே பள்ளியிலேயே பாடமாக நடத்துகிறார்கள். 2009-ல் யுனெஸ்கோவும் அதை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது.