அண்டர்-14 மாஸ்டர்

விடியற்காலை ஐந்தரைக்குக் கடலூர்ப் பக்கம் எந்த மைதானத்துக்குப் போனாலும் மாஸ்டரைப் பார்க்கலாம். நீல நிற டிராக் சூட். முதுகில் கொட்டை எழுத்தில் 'இந்தியா'. இந்தியாவுக்காக எப்போது ஆடினீர்கள் என்று கேட்டுவிடக் கூடாது. பாண்டிச்சேரியில் தள்ளுபடியில் எடுத்தது. கழுத்தில் விசில். குளிக்கும்போது மட்டும் அதைக் கழற்றுவதாக அவர் மனைவி சொல்கிறார். எனக்கு நம்பிக்கையில்லை.

அவர் எந்த விளையாட்டுக்கு மாஸ்டர் என்பது மாதத்தைப் பொறுத்தது. தை, மாசியில் மின்னொளிக் கபடி. ஏப்ரல், மே வந்தால் கிரிக்கெட் கோடைப் பயிற்சி முகாம். பள்ளிகளில் குறுவட்டப் போட்டி தொடங்கும் நாளில் ஃபுட்பால். ஐப்பசி மழையில் மைதானம் குளமானால் கேரம். விளையாட்டு மாறுமே தவிர வயது மாறாது: அண்டர்-14. மாஸ்டரின் அணி அண்டர்-14இல் தோற்று நான் பார்த்ததில்லை. அந்தப் பையன்கள் அண்டர்-19இல் ஆடியும் பார்த்ததில்லை.

மட்டை, பந்து, கூம்பு எல்லாம் ஒரு சாக்குப்பையில் கிடக்கும். அதை யார் வேண்டுமானாலும் தூக்கலாம். மாஸ்டர் யாரிடமும் கொடுக்காத சொத்து, கக்கத்தில் இடுக்கியிருக்கும் பிளாஸ்டிக் ஃபைல். அதில் பையன்களின் பிறப்புச் சான்று, ஆதார், பள்ளியில் வாங்கிய போனஃபைடு. எல்லாம் ஜெராக்ஸ். சில, ஜெராக்ஸின் ஜெராக்ஸ். ஒவ்வொரு தடவை ஜெராக்ஸ் எடுக்கும்போதும் பையனுக்கு ஒரு வயது குறையும்.

சிதம்பரத்தில் ஆட்டம் என்றால் வேனில் பயணம். நாற்பது கிலோமீட்டர் சொச்சம். பாட்டும் கூத்துமாகக் கிளம்பும் வேனில், ஆலப்பாக்கம் தாண்டியதும் பாட்டு நிறுத்தப்படும். வாய்ப்பாடு ஆரம்பமாகும்.

"டேய், பொறந்த தேதி?"

"பதினாலு, மூணு, ரெண்டாயிரத்தி பதினொண்ணு, மாஸ்டர்."

"போன மேட்சுல பன்னெண்டுன்ன?"

"அது கபடி மாஸ்டர்."

"இது ஃபுட்பால். பதினொண்ணுதான். இன்னா நட்சத்திரம்?"

"நட்சத்திரமெல்லாம் கேப்பாங்களா மாஸ்டர்?"

"சிதம்பரம்டா அது. கேட்டாலும் கேப்பாங்க."

பி.முட்லூர் வருவதற்குள் அத்தனை பேருக்கும் புதுப் பிறந்தநாள் மனப்பாடம். பின்சீட்டில் இரண்டு பொடியன்கள் மட்டும் சும்மா ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவார்கள். நிஜமாகவே பதின்மூன்று வயதுக்காரர்கள் அவர்கள். அவர்களுக்குப் படிக்க எதுவுமில்லை. ஆட்டத்தில் இறங்கப் போவதும் இல்லை.

(சிதம்பரத்துக்குப் போய்விட்டு ரகசியத்தை வைத்து ஒரு சிலேடை கூடப் போடாமல் திரும்பிய எழுத்தாளன் என்ற பெயர் எனக்கு வேண்டும். மேலே போவோம்.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவர் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். வெள்ளை வேட்டி, வெள்ளைத் தொப்பி. ஃபைலைப் பிரித்தார், முகங்களைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஷேவ் செய்து ஒரு மணி நேரம்கூட ஆகாத ஒரு பையனைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"தம்பிக்கு எந்த ஊருங்க?"

"பண்ருட்டி பக்கம் சார்."

"அடடே, பலா, முந்திரி எல்லாம் உண்டா வீட்ல?"

"இருந்துச்சு சார். தானே புயல்ல எல்லாம் போச்சு. அன்னிக்கு ராத்திரி ஓடெல்லாம் பறந்துச்சு சார். நான்தான் எங்க ஆயாவக் கையப் புடிச்சு ஸ்கூலுக்கு இட்டுட்டுப் போனேன்."

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஃபைலை இன்னொரு முறை பார்த்தார். தானே கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30 காலை. ஃபைலில் பையன் பிறந்தது அதே வருடம் மார்ச்சில்.

"ஒம்பது மாசத்துக் கொழந்தை. ஆயாவைக் காப்பாத்தியிருக்கீங்க. பெரிய விஷயம்தான் தம்பி."

மாஸ்டர் குறுக்கே வந்தார். "பையன் கொஞ்சம் முன்கூட்டியே நடந்துட்டான் சார்."

இந்த வயது மோசடியைப் பிடிக்க டெல்லியில் என்னென்னவோ செய்கிறார்கள். மத்திய விளையாட்டு அமைச்சகம் 2010இல் இதற்கென்றே தனி விதித்தொகுப்பு கொண்டுவந்தது. முதல் தடவை சிக்கினால் இரண்டு வருடத் தடை, மறுபடி சிக்கினால் ஆயுள் தடை. கிரிக்கெட் வாரியம் 2012 முதல் டி.டபிள்யூ.3 என்ற முறையில் சிறுவர்களின் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணக்கிடுகிறது. 2020இல் "நீங்களாகவே வந்து உண்மையைச் சொல்லிவிட்டால் தடை இல்லை" என்று ஒரு மன்னிப்புத் திட்டமும் வைத்துப் பார்த்தார்கள். எங்கள் மாவட்டத்துக்கு எக்ஸ்ரே எல்லாம் அநாவசியச் செலவு. 2004 சுனாமி, 2011 தானே, 2015 வெள்ளம் என்று வரிசையாகக் கேட்டால் போதும். கடலூர்ப் பையன் வயதை மறப்பான், புயலை மறக்கமாட்டான்.

பெரியவர் விடவில்லை. எதிரணி ஃபைலையும் வாங்கினார். அங்கேயும் தானேவை நேரில் பார்த்தவர்கள் நாலு பேர் தேறினார்கள். இரண்டு மாஸ்டர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோபம் இல்லை. ஒரே தொழிலில் இருப்பவர்களுக்கு இடையே உள்ள மரியாதை.

"பாருங்க சார், அந்தப் பக்கமும் நாலு, இந்தப் பக்கமும் நாலு. கணக்கு நேர்" என்றார் நம்மவர். மாஸ்டரின் தர்மசாஸ்திரம் மொத்தமும் இந்த ஒரு வரியில் அடங்கும். பொய் இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் அது நியாயம். பெரியவர் பெருமூச்சு விட்டு, எட்டுப் பேரையும் வெளியே அனுப்பட்டுமா என்று கேட்டார். அனுப்பினால் இரண்டு பக்கமும் அணி இருக்காது, டோர்னமென்ட் இருக்காது, பந்தல்காரருக்குப் பணமும் வராது. ஆட்டம் நடந்தது.

நான் அந்த ஆட்டத்தைப் பார்க்கவில்லை. எல்லைக்கோட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் வேனில் வந்த இரண்டு பொடியன்களும் எதிரணிப் பொடியன்கள் நாலு பேரும் சேர்ந்து, காலித் தண்ணீர் பாட்டிலைப் பந்தாக்கி, இரண்டு செருப்புகளைக் கோல்போஸ்ட்டாக நட்டுவிட்டார்கள். ஒரு பக்கம் ஆள் குறைந்ததால் எதிரணிப் பையன் ஒருவன் தானாகவே இந்தப் பக்கம் வந்து ஆடினான். பாட்டில் செருப்புக்கு மேலே போனதா, உள்ளே போனதா என்று தகராறு வந்தபோது, அடித்தவனே "மேல போச்சுடா" என்றான். விசில் இல்லை, மாஸ்டர் இல்லை. அன்றைக்கு அந்த மைதானத்தில் நடந்த ஒரே அண்டர்-14 ஆட்டம் அதுதான்.

கபடி சீசனில் மாஸ்டருக்கு வயதோடு எடையும் சேர்ந்துகொள்ளும். ஊர்க் கபடியில் 45 கிலோ, 55 கிலோ என்றுதான் நோட்டீஸே அடிக்கிறார்கள். எடை போடுவதற்கு முதல் நாள் ராத்திரி பையன்களுக்குச் சோறு கிடையாது. காலையில் ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் ஓட வேண்டும். தண்ணீர் கேட்டால், "குடிச்சா அரைக்கிலோ ஏறும்டா, கொப்புளிச்சுத் துப்பு" என்பார். வளரும் பையனின் உடம்பில் தண்ணீரை வற்றவைத்துவிட்டு அவனை மண்ணில் புரளவிடுவது ஆபத்து என்று எந்த டாக்டரும் சொல்வார். மாஸ்டருக்கு டாக்டர்கள்மேல் நல்ல அபிப்பிராயம் இல்லை. அவர்கள் யாரும் ஸ்டேட் லெவல் ஆடியதில்லை. எடை போட்டு முடித்த அரைமணியில் பையன்களை ஓட்டலில் உட்காரவைத்து இட்லியும் கத்தரிக்காய் கொத்சுவுமாக வாங்கிக் கொடுத்து, "தின்னுடா, இன்னும் ரெண்டு வைக்கச் சொல்லு" என்று பக்கத்திலேயே நின்று பார்ப்பவரும் அவர்தான். பில் அவர் பாக்கெட்டிலிருந்து போகிறது. இதனால்தான் அவரை முழுசாகத் திட்டவும் முடிவதில்லை.

அணியில் யார் யாருக்கு இடம் என்பதற்கும் ஒரு நடைமுறை உண்டு. ஜெர்சி எடுத்துக் கொடுத்த ரியல் எஸ்டேட்காரர் மகன் கேப்டன். வேன் விட்டவர் மகன் ஓப்பனிங் பேட்ஸ்மேன். டக் அவுட் ஆனால், "பந்து நோ-பால் மாதிரி இருந்துச்சு" என்று அம்பயராக நிற்கும் மாஸ்டரே சந்தேகத்தின் பலனைக் கொடுத்து மறுபடி ஆடவைப்பார். மாதாமாதம் ஃபீஸ் மட்டும் கட்டுகிறவர் மகன் தண்ணீர் கொண்டுவருவான். அவன் அம்மா டிபன் பாக்ஸோடு வந்து நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் தயங்கித் தயங்கி, "எப்ப சார் எறக்குவீங்க?" என்று கேட்டால், "பையனுக்கு இன்னும் உடம்பு போடணும்மா" என்பார் மாஸ்டர். வாஸ்தவம்தான். எதிரே ஆடுகிறவர்களுக்கு உடம்பு போட்டு மூன்று வருடம் ஆகிறது.

இதற்கெல்லாம் மாஸ்டர் ஒருவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. நம் ஊரில் விளையாட்டில் கிடைக்கும் விளைச்சல் விளையாட்டு அல்ல, சான்றிதழ். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இடம். பொறியியல், மருத்துவத்தில் தனி ஒதுக்கீடு. இவை நல்ல திட்டங்கள்தான். ஆனால் அப்பாக்கள் வந்து கேட்பது, "சார், எத்தனை வருஷத்துல சர்ட்டிபிகேட் வரும்?" என்றுதான். "பையன் நல்லா ஆடுறானா?" என்று ஒருவர் கேட்டால் மாஸ்டருக்கே சந்தேகம் வந்துவிடும், வேறு அகாடமியிலிருந்து உளவு பார்க்க வந்திருக்கிறாரோ என்று.

ராகுல் திராவிட் 2015இல் பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் இதைத்தான் சொன்னார். உள்ளூர்ப் போட்டி ஒன்றில் இறக்குவதற்காகக் கோச் பிறந்த தேதியை மாற்றுவதில் தொடங்குகிறது, பெற்றோர் தலையாட்டுகிறார்கள், ஏமாற்றுவதை அந்தப் பிள்ளைக்கு நாமே பாடமாக நடத்துகிறோம். பெரிய வீரர், பக்குவமான பேச்சு. மாஸ்டர் அதைக் கேட்டார், பாராட்டினார். "திராவிட் சொல்றது பெங்களூருக்குச் சரி."

பெங்களூர் மட்டுமா? அமெரிக்காவிலும் மாஸ்டர்கள் உண்டு. 2001இல் அங்கே 12 வயதுக்குட்பட்ட சிறுவர்களின் பேஸ்பால் லீகில் டானி அல்மோன்டே என்ற பையன் பந்து வீசினான். யாராலும் மட்டையால் தொட முடியவில்லை. நாடே கொண்டாடியது. பத்திரிகைக்காரர்கள் டொமினிகன் குடியரசுக்குப் போய்ப் பதிவேட்டைப் புரட்டினால், பையனுக்கு வயது 14. அணியின் வெற்றிகள் அத்தனையும் ரத்து. அங்கே தானே அடிக்கவில்லை, பாவம், அதனால் இவ்வளவு தூரம் போக வேண்டியதாயிற்று.

இதே கடலூரில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. மாரியப்பன் என்ற பயிற்சியாளரிடம் மீனவக் குடும்பங்கள், விவசாயக் கூலிகள் வீடுகளிலிருந்து வந்த பெண்பிள்ளைகள் கால்பந்து பழகினார்கள். இந்திரா காந்தி அகாடமி என்ற பெயரில் அந்த அணி இந்தியன் விமன்ஸ் லீக் வரை போய் ஆடியது. இந்த ஊர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார். தமிழகக் காவல்துறையில் எஸ்.ஐ. ஆனார். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசிய சீனியர் பெண்கள் இறுதிப் போட்டியில், அசைக்கவே முடியாது என்றிருந்த மணிப்பூரைத் தமிழ்நாடு 2-1 என்று வீழ்த்தியபோது அவர் அந்த அணியில் இருந்தார். சீனியர் போட்டி. யாரும் யாருடைய வயதையும் கேட்காத இடம். மாஸ்டரிடம் இதைச் சொன்னால், "அதுக்குப் பத்து வருஷம் ஆகும் சார், அப்பாங்க நிக்க மாட்டாங்க" என்பார்.

அந்தப் பண்ருட்டிப் பையனுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். பதின்மூன்று வயதுக்காரர்களுக்கு எதிரே புலியாக இருந்தவன், தன் வயதுக்காரர்களுக்கு எதிரே சாதாரணப் பையனாகிவிட்டான். இரண்டு ஆட்டத்தோடு நின்றுவிட்டான். கோப்பை மாஸ்டர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. பிறந்த தேதிதான் பையனோடு வந்துவிட்டது. போட்டிக்காக ஆதாரிலும் மாற்றியிருந்தார்கள். ஆதாரில் பிறந்த தேதியை ஒரே ஒரு தடவைதான் மாற்றலாம். ஆக, தன் தங்கைக்கே அவன் தம்பி ஆகிவிட்டான். மெய்யான பதினெட்டு வந்தும் லைசென்ஸ் இல்லை, ஓட்டு இல்லை. கல்யாணத்துக்குச் சட்டப்படி வயது வர இன்னும் பல வருடம் உட்கார்ந்திருக்க வேண்டும். கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குகிறவனிடம், "வயசு பத்தலியே தம்பி" என்கிறார்கள். அவன் வாழ்க்கையில் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டிய ஒரே ஆள் மாஸ்டர்தான்.

மாஸ்டருக்கும் ஒரு மகன் இருக்கிறான். வேறு ஒருவரிடம் செஸ் படிக்கிறான். அசல் வயதில்.